போச்சண்ணன் கேட்ட கிளட்ச்

பினாங்குத் தீவில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் பாதிக்காவது வாழ்நாளில் ஒரு முறை சாவுச் செய்தி சொன்னவர் போச்சண்ணன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஜார்ஜ் டவுனில் ஏதாவது ஒரு சிவப்பு விளக்கில் நின்று பக்கத்து வண்டிக்காரரை விசாரித்துப் பார்க்கலாம். "போச்சண்ணன்கிட்ட காட்டுனேன், போச்சுன்னுட்டாரு" என்பார். பச்சை விழுந்ததும் அதே வண்டியில் உங்களை முந்திக்கொண்டு போவார்.

அவருடைய பட்டறை சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அவருக்கும் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்துதான் ஆகவேண்டும், பெயர் இல்லாமல் யாரும் அடையாள அட்டை கொடுக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மலாய்க்காரர்கள் 'அபாங் போச்சு', அதாவது போச்சு அண்ணன், என்று மரியாதையாக அழைப்பார்கள். அது ஏதோ நல்ல குடும்பப் பெயர் என்று அவர்களுக்கு நினைப்பு. சந்தின் எதிர்ப்பக்கம் மோட்டார் சாமான் விற்கும் சீனப் பெரியவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல்லும் 'போச்சு'தான்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஸ்பேனரைத் தேடுகிறவர் சாதாரண மெக்கானிக். போச்சண்ணன் முதலில் வண்டியின் சொந்தக்காரர் முகத்தைப் பார்ப்பார். பிறகு வண்டியை முடுக்கச் சொல்லி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, காதை என்ஜின் பக்கம் சாய்ப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு அவரே கைநீட்டிச் சாவியைத் திருப்பி அணைப்பார். அணைக்கிற விதத்தைப் பார்த்தால் இனி யாரும் அதை முடுக்கவே போவதில்லை என்று தோன்றும்.

"எத்தன வருசமாண்ணே உங்ககூட இருக்கு?"

"ஏழு வருசம்ணே."

"வீட்டுல தெரியுமா?"

"என்னாண்ணே தெரியணும்? சத்தம் வருதேன்னு கொண்டாந்தேன்."

தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு நம்மை உட்காரச் சொல்வார். முனைக் கடைக்குக் குரல் கொடுத்து நமக்கு ஒரு தேயோ வரவழைப்பார். பால் சேர்க்காத தேநீர்தான் எப்போதும். துக்க வீட்டில் பால் கலந்த தேநீர் கொடுப்பது அவருக்குச் சரியாகப் படாது போலிருக்கிறது. நாம் ஒரு வாய் குடித்தபிறகுதான் அந்தச் சொல் வரும்.

"போச்சுண்ணே."

புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் உடைந்துபோவார்கள். ஒரு முறை முரட்டு மீசை வைத்த ஒரு லாரி ஓட்டுநர் தேயோ கிளாசைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுததை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பழைய ஆட்களாகிய எங்களுக்கு விவரம் தெரியும். போச்சண்ணன் 'போச்சு' என்று சொல்லிவிட்டால் வண்டி பிழைத்தது. அவருக்கு நோய் பிடிபட்டுவிட்டது, மனசுக்குள் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பொருள். நடுங்க வேண்டிய சொல் வேறு. "ஒன்னும் இல்லண்ணே, நல்லாருக்கு. நாளைக்கு வாங்க" என்று அவர் சிரித்த முகத்தோடு சொன்னால் நேரே கோயிலுக்குப் போய்விட வேண்டியதுதான்.

தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவருடைய ஸ்கூட்டருக்கு அப்படித்தான் ஆனது. "ஒன்னும் இல்ல டீச்சர், நல்லாருக்கு, நாளைக்கு வாங்க" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்று வாரம் அந்த அம்மாள் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சந்தோஷமாக வந்து சந்தோஷமாகப் போனார். கடைசியில் ஒரு நாள் ஸ்கூட்டர் இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. "ஏண்ணே முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன். "எப்படிண்ணே சொல்றது? மொகத்தப் பாத்தேன், வாய் வரல" என்றார். இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் என் வாழ்க்கை ஒரு கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு நாள் மூடிக்கொண்டது. நாற்பத்து நான்கு வயதில் வேலை தேடுவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எட்டு மாதம் அலைந்து, பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். காலை எட்டு மணிக்கு விரலை வைத்து வருகையைப் பதிய வேண்டும். தாமதமாக வந்தால் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டுக்கு. இதை அலுவலகப் பொறுப்பில் இருந்த மலாய் அம்மையார், நாங்கள் எல்லாரும் 'புவான்' என்றுதான் சொல்வோம், முதல் நாளே புன்னகை மாறாமல் விளக்கினார்.

எனக்கு இருந்தது கையில் கிளட்ச் பிடித்து ஓட்டுகிற நூற்றைம்பது சிசி வண்டி. அதை ஃபெரியில் ஏற்றிக் கடலைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி இன்னும் பதினைந்து நிமிடம் ஓட்டினால் கிடங்கு. நான்கு மாதம் ஒரு நாள் தவறவில்லை. தீபாவளி வந்தது, போனது. அதற்குப்பின் பத்தாம் நாள் என் கெட்ட நேரம் தொடங்கியது.

அன்றைக்குக் கடல் வற்றியிருந்தது. ஃபெரி தாழ்ந்து நின்றதால் பட்டர்வொர்த் கரைக்குப் போகிற பாலம் நல்ல ஏற்றமாக இருந்தது. நான் முன்வரிசை. முறுக்கினேன். வண்டி ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது, ஆனால் நகரவில்லை. இன்னும் முறுக்கினேன். இன்னும் அலறியது. பின்னால் ஐம்பது வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன, "அண்ணே, ஜாலான்லா!" என்று நகரச் சொல்லி ஒரு குரல் கத்துகிறது. கடைசியில் இறங்கி, நாலு பேர் தள்ளி, வண்டியைக் கரையேற்றினோம். எட்டு பதினாறுக்கு விரலை வைத்தேன். முதல் கடிதம்.

அன்று சாயங்காலமே போச்சண்ணனிடம் போய் நின்றேன். வேலை விவரம், கடித விவரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதை வைத்துக் கேட்டார். பிறகு கியரைப் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு, லேசாக முறுக்கியபடி கிளட்சை மெதுவாக விட்டார். என்ஜின் நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களாண்ணே? பிரேக்க மிதிச்சுக்கிட்டு கிளட்ச விட்டா இது மூச்சடங்கி நிக்கணும். சாகணும். சாக மாட்டேங்குது. அதான் வியாதி."

"அப்படின்னா?"

"கிளட்ச் வழுக்குது. என்ஜின் சுத்துறது சக்கரத்துக்குப் போவல." துண்டை எடுத்தார். விரல்களைத் துடைத்தார். தேயோ வந்தது. "போச்சுண்ணே."

எனக்கு உயிர் வந்தது.

கிளட்ச் கேபிள் இறுகிப்போயிருந்தது என்று அதை மாற்றினார். கைப்பிடியில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டுமாம், அது இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே இருக்குமாம். "கைய விட்டாலும் நீங்க கைய விடாத மாதிரிதான் அதுக்கு" என்று சொல்லி, ஆட்டத்தைக் கட்டைவிரலால் அளந்து கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் வேலை முடிந்து திரும்பும்போது மறுபடி அலறல். பட்டறையில் விட்டுவிட்டு மறுநாள் காலை நடந்தே ஃபெரி ஏறி, அக்கரையில் பேருந்தை நம்பினேன். என் ராசி தெரிந்த பேருந்து அன்று வரவில்லை. அடுத்ததில் ஏறி எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாவது கடிதம். வண்டியை நம்பியதால் ஒன்று, நம்பாததால் ஒன்று.

இனி ஒரே ஒரு கடிதம்தான் பாக்கி. இதைச் சொன்னபோது போச்சண்ணன் முகம் என்னுடையதைவிட வாடியது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எண்ணெயை வடித்து, என்ஜினின் வலப்பக்க மூடியைக் கழற்றி, கிளட்சை வெளியே எடுத்தார். ஒரு தட்டு, ஒரு இரும்பு வளையம், ஒரு தட்டு, ஒரு இரும்பு வளையம் என்று செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பினார். தட்டுகள் கண்ணாடி மாதிரி மின்னின. இரும்பு வளையங்கள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. ஸ்பிரிங்குகளைத் தரையில் நிறுத்தி உயரம் பார்த்தார். "போச்சுண்ணே, எல்லாமே போச்சு" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, சீனப் பெரியவரிடம் புதுசு வாங்கி வந்தார். புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டு, பிறகு ஒவ்வொன்றாக அடுக்கி மூடினார்.

"சாப்டுட்டு வந்துடறேண்ணே. அந்தத் தகர டின்னுல எண்ணெய் இருக்கு, வந்து ஊத்துறேன். நீங்க தொடாதீங்க."

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தகர டின்னைப் பார்த்தேன். மூடி இல்லை. எந்த எழுத்தும் இல்லை. மேலே ஒரு பழைய நாட்காட்டித் தாளைப் போட்டு மூடியிருந்தார். வாழ்க்கையின் கடைசி வாய்ப்பைத் தாங்கப்போகிற வண்டிக்கு இதையா ஊற்றுவது என்று மனசு கேட்கவில்லை. என் பையில் ஒரு தண்ணீர் போத்தல் நிறைய உயர்ந்த எண்ணெய் இருந்தது, வடித்த எண்ணெய்க்குப் பதிலாகத் தேவைப்படுமே என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். அவரிடம் கொடுத்தால் 'என் எண்ணெய் மேல நம்பிக்கை இல்லியா' என்று வருத்தப்படுவார். அதனால் அவர் சாப்பிட்டு வருவதற்குள் நானே ஊற்றி, மூடியைத் திருகி, போத்தலைப் பைக்குள் மறைத்துவிட்டேன்.

"ஊத்திட்டீங்களா?" என்று திரும்பி வந்து கேட்டார்.

"சும்மாதானே இருக்கோம்னு ஊத்திட்டேண்ணே."

"சரிலா" என்றார். மனிதர்களைச் சந்தேகப்படுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஒரு வாரம் வண்டி பறந்தது. ஏழு நாற்பத்தைந்துக்கே போய் விரலை வைத்துவிட்டு வீறாப்பாக உட்கார்ந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து திரும்பும்போது, தீவுக் கரையில் அதே மாதிரி ஏற்றம், அதே அலறல். இந்த முறை யாரும் ஹார்ன்கூட அடிக்கவில்லை. என்னைத் தெரிந்த நாலு பேர் பேசாமல் இறங்கி வந்து தள்ளினார்கள்.

சந்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். போச்சண்ணன் குந்தி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கேட்டார். மறுபடி கேட்டார். கேபிளைப் பார்த்தார், கைப்பிடி ஆட்டத்தைப் பார்த்தார், பிரேக்கை மிதித்துக் கிளட்சை விட்டுப் பார்த்தார். எழுந்தார். நான் முக்காலியில் தயாராக உட்கார்ந்துகொண்டேன். தேயோ வரவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது. போச்சண்ணன் என் முகத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"ஒன்னும் இல்லண்ணே. நல்லாருக்கு. நாளைக்கு வாங்க."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. தண்ணீர்மலைப் பக்கம் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடிக்கு லிப்ட் இருப்பதை மறந்து படியேறி வந்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள். திங்கட்கிழமை காலை எட்டு மணி எனக்கு எதிரே சுவர் மாதிரி நின்றது. அந்த எட்டு மாதம் மறுபடி வரப்போகிறது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டு சாமிப் படத்தைப் பார்த்தேன். சாமியும் ஒன்றும் இல்லை, நல்லாருக்கு என்பது மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை சந்துக்குப் போனால் பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சீனப் பெரியவர் தம் கடை வாசலில் நின்று, அந்த ஷட்டரைச் சுட்டிக்காட்டி, தமக்குத் தெரிந்த ஒரே தமிழில் நிலைமையை விளக்கினார். "அபாங்... போச்சு லா."

குனிந்து உள்ளே போனேன். என் வண்டியின் கிளட்ச் மறுபடி செய்தித்தாளில் பரப்பிக் கிடந்தது. போச்சண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து மூன்று பேரை வேறு பட்டறைக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் இருக்கும்போதே ஒருவர் பஞ்சரான சக்கரத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஒன்னும் இல்லண்ணே, நல்லாருக்கு" என்றார் போச்சண்ணன். அந்த மனிதர் முகம் வெளுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"ஏண்ணே இப்படி?" என்றேன்.

"கேபிள் புதுசு. ஸ்பிரிங் புதுசு. பிளேட் புதுசு. அப்புறமும் வழுக்குதுன்னா கோளாறு வண்டியில இல்லண்ணே. என் கையில. இத்தன வருசம் காத நம்பிப் பொழச்சேன். இது என்கிட்ட ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது." ஒரு தட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒங்க வேலைய நான்தான் கெடுத்தேன். கடைய மூடிடலாம்னு இருக்கேன்."

எனக்குத் தாங்கவில்லை. என் வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்காக இந்த மனிதர் தம் கையையே சந்தேகப்படுவதைப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது தேற்ற வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"உங்க மேல தப்பே இல்லண்ணே. இது என் ராசி. இந்த வண்டிக்கு நான் என்ன கொற வச்சேன், நீங்களே சொல்லுங்க? தீபாவளி அன்னிக்கு நாங்க எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு, வண்டிக்கும் பழச வடிச்சுட்டு புது எண்ணெய் ஊத்தி, குங்குமம் வச்சேன். அதுவும் சாதா எண்ணெய் இல்ல. என் மச்சான் அவரோட புதுக் காருக்கு வாங்குற எண்ணெய். ஒசத்தி சாமான். அன்னிக்கு நீங்க சாப்டப் போனப்பவும் உங்க டின்ன தொடல, அந்த எண்ணெயத்தான்..."

நிறுத்திக்கொண்டேன். போச்சண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கார் எண்ணெயா?"

"ஆமாண்ணே. ரொம்ப ஒசத்தி. தொட்டா வழுவழுன்னு இருக்கும்."

"அன்னிக்கும் அதத்தான் ஊத்துனீங்களா?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. உங்க டின்னுக்கு மூடி இல்ல, அதான்..."

அவர் பக்கத்தில் இருந்த பழைய எண்ணெய்ப் பாத்திரத்தில் விரலை விட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். அடி விழும் என்றே நினைத்தேன், வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"அண்ணே," என்றார் கடைசியில், மிகவும் பொறுமையாக. "கார்ல கிளட்ச் தனியா, எண்ணெய் படாத எடத்துல இருக்கும். அதனால கார் எண்ணெய எவ்வளவு வழுக்கலா வேணாலும் செய்யலாம். நம்ம மோட்டர்ல கிளட்ச் என்ஜின் எண்ணெயிலயே முங்கிக் கெடக்கு. நீங்க தீவாளிக்கு அதுக்கும் சேத்துத் தலமுழுக்கு எண்ணெய் தேச்சு விட்டுட்டீங்க. ஒடம்பெல்லாம் எண்ணெயோட தண்ணி வாளியப் பிடிச்சுப் பாருங்க, கையில நிக்குமா? பாவம், அது பிடிக்கத்தான் பாக்குது. ஒரு மாசமா எண்ணெய் தேச்சுக்கிட்டு நிக்குது, யாரும் குளிப்பாட்ட வரல!"

சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. துண்டை எடுத்தார். விரல்களைத் துடைத்தார். சந்தே அதிரும்படிக் கத்தினார்.

"போச்சுண்ணே!"

சீனப் பெரியவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்த லாரி ஓட்டுநரைப் பற்றி இனி ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஷட்டர் முழுதாக மேலே போனது. என்ஜினைத் தகர டின் எண்ணெயால் இரண்டு தடவை கழுவி வடித்தார். கார் எண்ணெயைக் குடித்த தட்டுகளை நம்ப முடியாது என்று பெரியவரிடமிருந்து மறுபடி புதுசு வந்தது. என்னை மட்டும் டின் பக்கம் போகவிடாமல் சந்து முனையிலேயே உட்காரவைத்தார்.

திங்கட்கிழமை காலை ஃபெரித் துறைக்கு வண்டியோடு அவரே வந்து நின்றார். தலைவாரி, திருநீறு பூசி, தோளில் புதுத் துண்டு.

"நானும் வரேண்ணே. அந்த ஏத்தத்துல என் காதால கேட்டாத்தான் மனசு ஆறும்."

இந்த மனிதர் தீவை விட்டுப் பல வருடமாக எங்கும் போனதில்லை. நான் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து, இடுப்பை வளைத்து, தலையை என் வலது முழங்கால் வரைக்கும் தாழ்த்திக் காதை என்ஜினுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் அவருக்கு மயக்கம் என்று நினைத்து, என்னை நிறுத்தச் சொல்லிக் கையாட்டினார்கள். ஃபெரி ஏழு மணிக்குக் கிளம்பியது. நேரம் நிறைய இருந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாதிக் கடலில் மழை பிடித்தது. எதிரே கரை தெரியவில்லை, பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. போதாததற்கு மலை மாதிரி ஒரு சரக்குக் கப்பல் குறுக்கே வந்துகொண்டிருந்தது, அது தாண்டட்டும் என்று ஃபெரி நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். கடிகாரம் மட்டும் வழுக்காமல் ஓடியது. கரை தட்டியபோது எட்டு அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. பாலத்தில் ஏறினோம். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. பின்னாலிருந்து, முழங்கால் பக்கமாக, "கேட்டீங்களாண்ணே! பிடிக்குது பாருங்க, எப்படிப் பிடிக்குது!" என்று ஒரு குரல் ஆனந்தப்பட்டது. நான் அதற்குச் சந்தோஷப்படவா, கடிகாரத்தைப் பார்த்து அழவா?

கிடங்கின் வாசலில் நிறுத்தியபோது எட்டு பதினொன்று. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். என்னால் இறங்க முடியவில்லை. கிளட்ச் சரியாகிவிட்டது, நான் முடிந்துபோனேன். போச்சண்ணன் இறங்கி எனக்கு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். சிரித்துவிடுவாரோ, 'ஒன்னும் இல்லண்ணே' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"எத்தன மாசமாண்ணே இந்த வேலையில?"

"அஞ்சாவது மாசம்ணே."

"வீட்டுல தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

ஈரத் துண்டை எடுத்து விரல்களைத் துடைத்தார். காவலாளியிடம் கெஞ்சி, அவருடைய ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு மூடி தேயோ வாங்கி என் கையில் கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்தேன்.

"போச்சுண்ணே," என்றார். "வேல போச்சு."

அந்த மழையில் எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. வண்டியிலிருந்து இறங்கினேன்.

"உள்ள போயி அந்த எண்ணெய்க் கதையச் சொல்லாதீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எண்ணெய் எதுன்னு தெரியாதவன்கிட்ட ஸ்டோர எப்படிக் கொடுக்கறதுன்னு நெனப்பாங்க. மெக்கானிக் சரியில்ல, அவன்தான் கெடுத்தான்னு சொல்லுங்க. என் பேர்தான் யாருக்கும் தெரியாதே."

முந்தின நாள்வரை கடையை மூட நினைத்த மனிதர் இதைச் சொன்னார். நான் உள்ளே போய் புவானிடம் தீபாவளி, மச்சான், தகர டின், சரக்குக் கப்பல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் உண்மையாகவே சொன்னேன். அவர் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கார் எண்ணெய் வந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார், தோள் குலுங்கியது. மூன்றாவது கடிதம் வந்தது. அதில் என்னை நீக்கவில்லை, சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருந்தார்.

வெளியே வந்தால் காவலாளியின் வண்டிக்குப் பக்கத்தில் போச்சண்ணன் குந்தியிருந்தார். காவலாளி கண்கலங்கி நின்றுகொண்டிருந்தார்.

"மூணு மாசம் நீட்டிட்டாங்கண்ணே" என்றேன்.

"போச்சுடா! இன்னும் மூணு மாசமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் போச்சண்ணன்.

அந்த மூன்று மாதமும் முடிந்து, வேலை உறுதியாகி, காலம் ஓடிவிட்டது. வண்டியில் கோளாறு இல்லாவிட்டாலும் சனிக்கிழமைகளில் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறேன். என் நரைத்த தலையையும் முன்தள்ளிய வயிற்றையும் ஏற இறங்கப் பார்த்து, "போச்சுண்ணே" என்று சொல்லி முக்காலியை இழுத்துப் போடுவார். தேயோ வரும். என்றைக்காவது ஒரு நாள் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, 'நல்லாருக்கீங்கண்ணே' என்று சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் இப்போது நான் சாமியிடம் கேட்பதெல்லாம்.